கிளிகளும் கழுகுகளும்: கீழாற்றூர், 2018

கண்ணூர் மாவட்டத்துச் சிறுநகரான தளிப்பறம்பின் நெரிசலைத் தவிர்க்கவென வகுக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலைப் புறவழி, கீழாற்றூர் வயல்களின் ஊடே செல்வதாயிற்று. மழைநீரைத் தேக்கி ஊர்க்கிணறுகளை வற்றாது காப்பவை அவ்வயல்களே என வாதிட்டு எதிர்த்தோர், தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'வயல்கிளிகள்'.

அவர்களுட் பலர் மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்து வளர்ந்தோர். மாநிலத்தை ஆண்டதும், 2008இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதும் அக்கட்சி தலைமையிலான அரசுகளே. கையூர் (1941), கரிவெள்ளூர் (1946) உழவர் போராட்டங்களின் நினைவில் வேரூன்றிய அக்கட்சிக்கு, வயலின் பெயரால் வேறொருவர் பேசுவதே பெரிய இடராயிற்று. ஆகவே பூசல் பெயர்களின்மீதே மூண்டது. அவர்கள் கிளிகளல்லர், கழுகுகள் என்றார் பொதுப்பணித்துறை அமைச்சர் ஜி. சுதாகரன். (இரு சொற்களும் தமிழுக்கும் உரியவை; ஏளனத்துக்கு உரை வேண்டா.)

2018 மார்ச்சில் நில அளவையின்போது போராட்டப் பந்தல் எரிக்கப்பட்டது. பின்னர் அடுத்தடுத்த நாள்களில் இரு பேரணிகள்: கட்சி நடத்தியது 'நாடு காவல்', வயல்கிளிகள் நடத்தியது 'கேரளம் கீழாற்றூருக்கு'. எவரிடமிருந்து நாட்டைக் காப்பது என்பதைக் கட்சியின் தலைப்பு சொல்லவில்லை.

போராட்டத்தை ஆதரித்த கட்சிகளுள் பாரதிய ஜனதாவும் ஒன்று. அது ஆண்ட ஒன்றிய அரசின் அறிவிக்கையே அவ்வாண்டு நவம்பரில் வயல்வழியை உறுதிசெய்தது.