மலர் கரைந்த பிறகு: தாமிரபரணி 1999



சேரன்மகாதேவி என்றால் வரலாற்றில் குருகுலம் நினைவுக்கு வரும். வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து, 1924-25இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் குரல் கொடுத்தார்கள். அது எழுதப்பட்டுவிட்டது. இதே ஆற்றங்கரையில், திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று நடந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சிறை வைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. தடிக்கும் ஆற்றுக்கும் நடுவில் சிக்கியவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். பெண்களும் ஒரு சின்னக் குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் 11 பேர் மூழ்கி இறந்ததாகச் சொல்லி, காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளின் காட்சிகளைச் சாட்சியாக வைத்திருக்கிறது.

ஜாலியன்வாலாபாகின் சுவரில் 1919இன் குண்டுத் துளைகள் இன்றும் இருக்கின்றன. தண்ணீரில் தடியின் தழும்பு நிற்பதில்லை. ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவுகிறோம், அதுவும் போய்விடுகிறது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 ஆண்டு வயது என்று 2021இல் அறிவித்த அரசு, பொருநை அருங்காட்சியகத்தையும் அறிவித்தது. மகிழ்ச்சி. நெல்லின் வயதைப் படிக்கும் பிள்ளை, கூலி கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் படிக்க வேண்டும்.

ஆனால் எப்படிப் படிக்க வேண்டும்? சாவை மட்டும் காட்டினால் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். 'நாம் அடிபட்ட சனம்' என்ற நினைப்போடு நம் பிள்ளைகள் வெளியே வரக் கூடாது. எனவே நாம் கேட்கும் நினைவகத்தின் முதல் அறையில் கோரிக்கை இருக்க வேண்டும்: கூலிச் சீட்டு, கொழுந்துக் கூடை, சங்கத்தின் துண்டறிக்கை. அடுத்த அறையில் 17 பேரின் பெயர்களும் வாழ்க்கையும். கடைசி அறையில் ஆணைய அறிக்கையும் ஆவணப்படமும் பக்கத்தில் பக்கத்தில். எது உண்மை என்று மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இதற்கு நேரம் அதிகமில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட தோட்டம் அது. குத்தகை முடியும் முன்பே, 2024இல் தொழிலாளர் குடும்பங்கள் லயன் வீடுகளை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. மூட்டை கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய காகிதம்தான். கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கிய ஆச்சிகளிடமும் தாத்தாக்களிடமும் போய் உட்காருங்கள். 'எப்படி அடித்தார்கள்' என்பதற்கு முன்னால், 'என்ன கேட்டீர்கள்' என்று கேளுங்கள்.