ஏரி மீனும் தொட்டி மீனும்: ஆரணி வட்டாரத்தில் மீன் வளர்ப்பு வந்த வழி

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் மீன் தனி விளைச்சலாக நெடுங்காலம் எண்ணப்படவில்லை. நெல்லுக்காகத் தேக்கிய நீரில் அது தானாகக் கிடைத்தது. கமண்டல நாகநதியும் செய்யாறும் ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல என்பதால், இங்கே பாசனம் ஏரிகளை நம்பி நின்றது. ஆவணி முதல் கார்த்திகை வரை பெய்யும் மழை ஏரியை நிரப்பும்; கலங்கல் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். பங்குனி, சித்திரையில் மதகு திறந்து நீர் வடிந்தபின் மிஞ்சும் குட்டையில் ஊர் கூடி மீன் பிடித்தது. விரால், குரவை, தேளி, ஆரால், கெளுத்தி, கெண்டை எதையும் யாரும் விட்டு வளர்க்கவில்லை. சில வெள்ளத்தை எதிர்த்து வாய்க்கால் வழியே ஏறி வந்தவை. விரால், குரவை, தேளி ஆகியவை காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை என்பதால் குறைந்த நீரிலும் சேற்றிலும் கோடையைத் தாண்டின.

வளர்க்காத மீனுக்கும் உரிமை உண்டு. நீர்நிலையில் உள்ள மீன் அரசனைச் சேரும் என்கிறது அர்த்தசாஸ்திரம். தமிழ்நாட்டில் நடைமுறை வேறாக இருந்தது; ஏரியை ஊரே கவனித்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பல்லவர் காலத்து மாமண்டூர் ஏரி இருக்கிறது. கிழக்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளுக்கு உரியவை, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற தனிக் குழுவையே குறிக்கின்றன. அவ்வூர் வைரமேக தடாகத்தில் ஆண்டுதோறும் வண்டல் அள்ளப் பொன் வைத்தவர்கள் உண்டு. பிற்காலக் கல்வெட்டுகளில் ஏரி மீனைக் குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தை அதே ஏரியின் கரையை உயர்த்தவும் தூர் எடுக்கவும் செலவிடும் ஏற்பாடு வருகிறது. எளிய, நியாயமான ஏற்பாடு அது. மீன் தன் வீட்டைத் தானே பழுதுபார்த்துக் கொண்டது.

மீன் பிடிக்கும் தொழில், ஆரணி முன்பு அடங்கியிருந்த வட ஆர்க்காட்டில், செம்படவர்களுடையது. பருவதராஜ குலத்தார் என்றும் அறியப்படும் இவர்கள் கடலுக்குப் போகாதவர்கள். ஏரியும் ஆறுமே அவர்கள் களம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் பரம்பரைப் பூசாரிகளும் இவர்களே. வீச்சு வலை, தூண்டில், நீர் பாயும் வாயில் வைக்கும் மூங்கில் பறி ஆகியவை இத்தொழிலின் கருவிகள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரி மீனைப் பற்றி முதலில் எழுந்தது கவலைதான். படை மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன் வளம் குறித்து 1873இல் அளித்த அறிக்கையில், கண்ணி சிறுத்த வலைகளும் பொறிகளும் குஞ்சுகளையே அழிப்பதை எடுத்துக் காட்டினார். 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை பிறந்தது. அதன் கவனம் பெரும்பாலும் கடலில் இருந்தாலும், உள்நாட்டு நீர்நிலைகளில் மீன் இருப்புச் செய்யும் வேலையையும் அது மேற்கொண்டது.

அந்த வேலையில் பெரிய முட்டுக்கட்டை குஞ்சு. வேகமாகப் பருக்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்திய ஆறுகளின் மீன்கள். கட்லா கோதாவரி, கிருஷ்ணையிலும் உண்டு. இவை குளத்தில் வளரும், ஆனால் குளத்தில் முட்டையிடாது. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். ஆகவே ஆற்றில் குஞ்சு பிடித்து, நீர் நிரப்பிய பாத்திரங்களில் ரயிலேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. வழியில் பெருமளவு செத்தன. பிடித்த குஞ்சுகளில் வேண்டாத இனங்களும் கலந்திருந்தன. வறண்ட வட ஆர்க்காட்டு ஏரிகளுக்கு இப்படி நம்பி இருப்புச் செய்வது நடக்கிற காரியமாக இல்லை. இதற்கிடையே வெளிநாட்டு மீன்கள் வந்தன. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கண்ணாடிக் கெண்டை வந்தது. 1952இல் மண்டபத்துக்குத் திலாப்பியா வந்தது. ஜிலேபி என்று ஊர் பெயரிட்ட இந்த மீன் குளத்திலேயே, சில மாதங்களிலேயே குஞ்சு பொரிக்கும். குஞ்சுப் பஞ்சத்துக்கு அது தீர்வாகத் தோன்றியது. ஆனால் குளம் நிறையக் குஞ்சு பெருகி, எதுவும் பருக்காமல் போனது. 1959இல் அதைப் பரப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது மீன் ஏற்கெனவே ஏரிகளைப் பிடித்துவிட்டிருந்தது. இன்று ஆரணிப் பக்கத்து ஏரிகளில் வலை போட்டால் ஜிலேபி இல்லாமல் வலை ஏறாது.

திருப்பம் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் நடந்தது. ஹிராலால் சவுதுரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் பிற மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, கெண்டை இனங்களைக் குளத்து நீரிலேயே முட்டையிட வைத்தனர். அந்நாள் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். ஆற்றை நம்பியிருந்த குஞ்சு, பண்ணையில் உற்பத்தியாகத் தொடங்கியது. குஞ்சு பொரிக்கும் பருவமான ஆனி முதல் புரட்டாசி வரையிலான காலம் இங்கே ஏரி நிரம்பத் தொடங்கும் காலத்தோடு ஒத்துப்போனதும் நற்பேறு. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை மாவட்டத்தின் பெரிய மீன்பிடி நீர்நிலையாக வளர்ந்தது. 1959இல் சீனக் கெண்டைகளான புல்கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் நாட்டுக்குள் வந்தன. மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால், களைக்குப் புல்கெண்டை என்று ஒரே குளத்தின் எல்லா மட்ட உணவையும் மீனாக்கும் கூட்டு மீன் வளர்ப்பு 1970களில் பரவியது. அதற்கு முன் எக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 600 கிலோவாக இருந்த குளத்து விளைச்சல், நல்ல பராமரிப்பில் 3 டன்னைத் தாண்டியது. 1973-74இல் தொடங்கிய மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகள் கடனும் பயிற்சியும் கொடுத்தன. சாணம், சுண்ணாம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு ஆகியவை குளத்துக்கு இடுபொருளாயின.

ஏரியில் இது முழுமையாகப் பலிக்கவில்லை. காரணம் நுட்பம் அல்ல, உரிமை. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுப்பவர் போட்ட பணத்தை அந்தப் பருவத்திலேயே எடுக்க வேண்டும். ஏரியோ ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் வற்றும். மீன் பிடிக்க நீர் குறைய வேண்டும். நெல்லுக்கு நீர் நிற்க வேண்டும். மதகைத் திறப்பது யார் என்பதில் ஆயக்கட்டு விவசாயிக்கும் ஏலதாரருக்கும் நடக்கும் சண்டை ஏரி இருக்கும் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்தது. ஏலப் பணமும் ஏரிக்குத் திரும்புவதில்லை. பல ஊர்களில் அது திருவிழாவுக்கோ பொதுக் கணக்குக்கோ போகிறது.

பட்டு நெசவு ஊரான ஆரணியில் மீனுக்கு வேறு வழி ஒன்றும் இருந்திருக்கலாம். தென் சீனத்தின் முத்தாற்று முகத்துவாரத்தில் குளக்கரையில் மல்பெரி வைத்து, பட்டுப்புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் மீனுக்கு உணவாகி, குளத்து வண்டல் மல்பெரிக்கே உரமாகும் முறை நூற்றாண்டுகளாக நடந்தது. ஜப்பானிலும் கெண்டைக்குக் கூட்டுப்புழு தீனி. ஆரணிக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. தறி இங்கே, புழு அங்கே. ஆகவே அந்தச் சங்கிலி இங்கே பிணையவில்லை. ஆரணிக்கு மிஞ்சியது சாயம் தோய்த்த தண்ணீர். அது கலந்த நீரில் மீன் வளர்க்க முடியாது.

கடைசிக் கட்டம் நீரை மண்ணிலிருந்தே பிரித்தது. மறுசுழற்சித் தொட்டி முறைக்கான ஆய்வு 1950களில் ஜப்பானில் கெண்டையை வைத்துத் தொடங்கியது. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். திடக்கழிவை வேறொரு வடிகட்டி பிடிக்கும். ஆக்சிஜன் ஏற்றிய நீர் மீண்டும் தொட்டிக்கு வரும். நாள்தோறும் சிறு பங்கு நீரை மாற்றினால் போதும். இதன் எளிய உறவினரான பயோபிளாக்கில் தார்ப்பாய்த் தொட்டியிலேயே மொலாசஸ் போன்ற சர்க்கரைப் பொருளை இட்டு நுண்ணுயிர்த் திரளை வளர்த்து, அதையே மீனுக்குத் தீனியும் ஆக்குகின்றனர். 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம், 8 தொட்டி கொண்ட பெரிய மறுசுழற்சி அலகுக்கு 50 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 60 விழுக்காடும் மானியம் அறிவித்தது.

நீர் குறைந்த மாவட்டத்துக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தொட்டியில் நீருக்குப் பதில் மின்சாரமும் விலைத் தீனியும் செலவாகின்றன. நெருக்கமாக மீன் இருக்கும் தொட்டியில் காற்றேற்றி நின்றால் சிறிது நேரத்திலேயே மொத்த இருப்பும் போகும். ஜெனரேட்டரும், நீரை நாள்தோறும் சோதிக்கத் தெரிந்த ஆளும், நல்ல விலை தரும் மீனும் இருப்பவருக்கே இது கட்டுப்படியாகும். சிறு விவசாயிக்குக் கூட்டு மீன் வளர்ப்புக் குளமும் பண்ணைக்குட்டையுமே ஏற்றவை. ஏரிக்கோ புதுக் கருவி எதுவும் தேவையில்லை. நீர்வரத்துக் கால்வாயைச் சீராக்கி, புரட்டாசிக்குள் விரலளவு குஞ்சை விட்டு, மீன்பாசிப் பணத்தை அந்த ஏரியின் தூர் எடுக்கவே செலவிடும் பழைய விதியை ஊராட்சிகள் மீண்டும் ஏற்க வேண்டும்.