உடல் கிடைத்த பின்னும்: ஓசோனின் 'மணலுக்கு அடியில்' படத்தில் மறுப்பும் துக்கமும்

கடலில் காணாமற்போன கணவன் இன்னும் வீட்டில் இருப்பதாகவே நடந்துகொள்ளும் பெண்ணின் கதை என்றுதான் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஓசோனின் 'மணலுக்கு அடியில்' (2000) பெரும்பாலும் விவரிக்கப்படுகிறது. இவ்விவரிப்பில் பிழையில்லை, ஆனால் அது போதாது. மரி (ஷார்லட் ராம்ப்ளிங்) மறுப்பது ழானின் (ப்ரூனோ க்ரெமெர்) சாவை என்பதைவிட, அச்சாவுக்குச் சொல்லப்படக்கூடிய காரணங்களை என்று கொள்வதே படத்தின் கட்டமைப்புக்குப் பொருந்தும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

தென்மேற்குப் பிரான்சின் லாந்த் கடற்கரைக்கு விடுமுறைக்காக வரும் இத்தம்பதியரில் ழான் நீந்தச் செல்கிறான். கேமரா அவனைப் பின்தொடராமல், மணலில் படுத்திருக்கும் மரியிடமே தங்கிவிடுகிறது. அவள் கண்விழிக்கும்போது அவன் இல்லை. மூழ்கினானா, தானே மூழ்க விரும்பினானா, வேறு வாழ்க்கை தேடிப் போனானா என்பதைத் தீர்மானிக்க அவளிடம் எவ்வளவு சான்று உண்டோ அவ்வளவுதான் பார்வையாளரிடமும் உண்டு. அவளைவிடக் கூடுதலாக அறிந்த இடத்திலிருந்து அவளுக்காக இரங்கும் வசதியைப் படம் தொடக்கத்திலேயே பறித்துவிடுகிறது. பணத்தட்டுப்பாட்டால் படப்பிடிப்பு இடையில் நின்று, கோடைப் பகுதி 35 மி.மீ. சுருளிலும் பிற்பகுதி சூப்பர் 16 சுருளிலும் எடுக்கப்பட்டதால், இழப்புக்கு முன்பும் பின்பும் காட்சியின் மேற்பரப்பே சற்று வேறுபடுகிறது. நெருக்கடி சில நேரங்களில் நல்ல அழகியலையும் தந்துவிடுகிறது.

பாரிசுக்குத் திரும்பிய பின் ழான் மீண்டும் தோன்றும் காட்சிகளில் மங்கலோ ஒளிமாற்றமோ தனி இசையோ அவனை ஆவியென்று அடையாளப்படுத்துவதில்லை. மற்றவர்கள் நிற்கும் அதே வெளியில், அதே வெளிச்சத்தில், அதே உடற்கனத்தோடு அவன் இருக்கிறான். எனினும் மரியை மனப்பிறழ்வுக்கு ஆளானவள் எனச் சொல்லிவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் 'அலைகள்' நாவலை அவள் தடுமாற்றமின்றிக் கற்பிக்கிறாள். கடற்கரைத் தேடுதலில் பங்கேற்ற இளைஞன் ஒருவன் தன் மாணவர்களிடையே இருப்பதைக் கண்டதும்தான் அவள் நிலைகுலைகிறாள். அவன் பின்னர் வந்து பேசும்போது, அவன் பார்த்தது தன்னையல்ல என்று மறுத்துவிடுகிறாள். அறியாதவளுக்கு அந்த முகத்தைக் கண்டு கலங்கத் தேவையே இல்லை.

அறிந்தும் அறியாதிருக்கும் இந்நிலையைச் சிக்மண்ட் ஃபிராய்டு 1927இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். சிறுவயதில் தந்தையை இழந்த இரு இளைஞர்களின் மனத்தில் ஓர் ஓட்டம் அச்சாவை ஏற்காதிருக்க, மற்றோர் ஓட்டம் அதை முழுமையாக அறிந்திருந்ததை அவர் கண்டார். உண்மையை மறதிக்குள் தள்ளிவிடாமல், அதனருகிலேயே அதற்கு எதிரான நம்பிக்கையையும் வைத்துக்கொண்டு வாழும் இந்த உளச்செயலையே இங்கு மறுப்பு என்ற சொல் குறிக்கிறது. ழானுக்குக் கழுத்துப்பட்டி வாங்கும் மரி, வென்சான் என்ற வேறொருவனோடு உறவையும் தொடங்குகிறாள். அவ்வுறவின் நடுவே, அவனுடைய எடை மிகக் குறைவு என்று சிரிக்கிறாள். கணவனின் கனத்தை அளவுகோலாக வைத்துப் பிறனை அளப்பவள் கணவன் இல்லை என்பதை உடலால் அறிந்தவளாகத்தான் இருக்க முடியும்.

படத்தின் உண்மையான திருப்பம் மருந்துச்சீட்டு ஒன்றில் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்து ழானுக்கு எழுதித் தரப்பட்டிருந்ததை மரி அவன் காணாமற்போன பின்பே அறிகிறாள். அவனுடைய முதிய தாயோ, மகன் சலித்துப்போய் விலகிச் சென்றிருக்கலாம் என்று ஈவிரக்கமின்றிக் கூறுகிறாள். இவ்விரண்டில் எது உண்மையானாலும் அவர்களுடைய மணவாழ்வே மறுவாசிப்புக்கு உள்ளாகும். தற்கொலையானால், அருகிலேயே வாழ்ந்தவள் எதையும் கவனிக்கவில்லை என்ற குற்றமும் சேரும். வீட்டில் உலவும் ழான் இக்கேள்விகளைக் கேட்க விடாமல் தடுக்கும் காவலன். அந்தோனியோனியின் 'லவென்தூரா' (1960) படத்தில் தீவொன்றில் காணாமற்போன பெண்ணை அவளைத் தேடிச் சென்றவர்களே மெல்ல மறந்துவிடுகிறார்கள். ஓசோனின் படத்திலோ காணாமற்போனவனை நினைவில் வைத்திருக்கும் உழைப்பு முழுவதையும் ஒருத்தி தனியாகச் சுமக்கிறாள்.

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், ஒருவர் இறந்தாரா உயிரோடிருக்கிறாரா என்று தெரியாததால் துக்கம் உறைந்துபோகும் நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என வரையறுத்தார். இக்கருத்தாக்கம் படத்தின் முற்பகுதிக்கு நன்கு பொருந்தினாலும் பிற்பகுதிக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. கடலில் கிடைத்த சிதைந்த உடலைப் பார்த்தே தீருவேன் என மரி வற்புறுத்துகிறாள். உண்மைக்கு அஞ்சுபவள் செய்யும் செயலன்று இது. பார்த்த பின், உடலோடு கிடைத்த கைக்கடிகாரம் ழானுடையதன்று என்று கூறி அதிகாரியின் முன் சிரிக்கிறாள். உடலைப் பற்றி ஏதும் சொல்லாமல் கடிகாரத்தை மட்டும் பற்றிக்கொள்வது கவனிக்கத்தக்கது: உடல் சாவுக்குத்தான் சான்று, நோக்கத்துக்கு அன்று. உயிராபத்தான சூழலில் காணாமற்போனவர், உடல் கிடைக்காவிட்டாலும், இறந்ததாக அறிவிக்கப் பிரெஞ்சுச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அவன் கடலுக்குள் இறங்கியது நீந்துவதற்காகவா, திரும்பாதிருப்பதற்காகவா என்பதை எந்தத் தீர்ப்பும் பிணவறை அறிக்கையும் சொல்லப்போவதில்லை. மரியின் மறுப்பு தங்கியிருப்பது அந்த இடைவெளியில்தான்.