கரி வெட்டியோர் கட்டிய மாளிகைகள்

அரண்மனை எழுப்பிய அரசர்களைப் பற்றி ஏடுகள் ஏராளம் பேசும். மண்ணுக்கடியிலே கரி வெட்டியவன் தன் கூலியைக் கொண்டு எழுப்பிய மாளிகையைப் பற்றிப் பேசுவதோ அரிது. ஆகவே தோழர்களே, தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளுக்கு நம்முடன் வாரீர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கே ஊருக்கு ஊர் தொழிலாளர் மன்றங்கள் எழுந்தன. வாங்கும் கூலியில் சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளத் தொழிலாளர்களே இசைந்தனர். அந்தச் சில்லறைதான் சுவராயிற்று, மேடையாயிற்று, நூலகமாயிற்று. பிளேனாவன் ஊர் மன்றம் 1895-இல் திறந்தது. 1920-இல் வந்த சட்டம், தோண்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நல நிதிக்கெனத் தண்டியது. முதலாளிகள் மனமிரங்கித் தந்த கொடையா அது? சட்டம் வாங்கித் தந்தது!

மன்றத்தின் உயிர் நாடி நூலகமே. பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கிய சிறுவன் ஒருவன், டிரெடிகர் தொழிலாளர் நூலகத்திலே படித்துப் படித்து அறிவை வளர்த்தான். அவனே அனூரின் பெவன். 1948-இல் அமைச்சராக இருந்து, பிரிட்டன் மக்கள் அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்.

குறையையும் கூறிவிடுவோம். பெரிதும் ஆண்களின் மாளிகைகளாகவே அவை இருந்தன. 1984-85 வேலைநிறுத்தத்தின்போதுதான், பட்டினியை விரட்டப் பெண்கள் மன்றங்களிலே அடுப்பு மூட்டினர்; மேடையேறியும் பேசினர். பூட்டியிருந்த கதவு அப்படித்தான் திறந்தது.

அதன்பின் சுரங்கங்கள் மூடப்பட்டன. சந்தா செலுத்தக் கூலி ஏது? பல கட்டடங்கள் பாழாயின. நூல்கள் அதற்கு முன்பே சிதறத் தொடங்கியிருந்தன. எஞ்சியவற்றைக் காக்க 1973-இல் ஸ்வான்சியில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் ஒன்று அமைந்தது.

ஓக்டேல் மன்றம் 1917-இல் கட்டப்பட்டது. அதைக் கல் கல்லாகப் பிரித்துச் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தி, 1995-இல் திறந்தனர். பாராட்டுவோம், ஆயினும் அது தன் ஊரை விட்டுப் போன கட்டடம். நியூபிரிட்ஜ் கதை வேறு. அங்கே 1908-இல் மன்றம்; அதனருகே, போரில் மாண்டோர் நினைவாக 1924-இல் எழுந்த மண்டபம், கீழே நடனக்கூடமும் மேலே அரங்குமாக. மூடும் நிலைக்கு வந்ததை ஊரார் விடவில்லை. நிதி திரட்டினர், புதுப்பித்தனர். 2014-இல் அந்த மேடையில் மறுபடியும் விளக்கெரிந்தது. கரி வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் வந்து அமர்ந்தனர்.