பீடிக்கு மட்டும் ஏன் சலுகை?

போன மாசம் பெரியம்மாவை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வண்ணார்பேட்டைக்குக் கூட்டிவந்தேன். எங்க வீடு இங்கேதான். பெரியம்மா இருக்கிறது முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துல. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தின் வாசலில், கையில் எக்ஸ்ரே கவரோடு ஒரு பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் "புகை பிடிக்காதீர்" போர்டு.

"சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்?" என்று முணுமுணுத்தேன். பெரியம்மா சொன்னாங்க: "ஏ அய்யா, அவரு குடிக்காட்டா நாங்க யாருக்குச் சுத்த?"

இந்தக் கேள்வி ஒரு வாரமா மண்டையிலேயே இருந்தது. எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். ராத்திரி நேரத்தில் பழைய அறிக்கைகளையும் சட்டங்களையும் புரட்டுவது பொழுதுபோக்கு. அப்படிப் புரட்டியதில் கிடைத்தது இது.

முதலில் எங்க வீட்டுக் கதை. நான் பி.இ. படிச்ச நாலு வருஷத்தில் பாதி ஃபீஸ் பெரியம்மா சுத்தின பீடியில் போனது. இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, மடியில் சுளகை வைத்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பீடிக்கடையில் செக்கர் கழித்துப்போட்ட பீடிகளை வீட்டுக்குக் கொண்டுவருவாங்க. அதைக் குடித்தது பெரியப்பா. காசநோயில் இறந்தபோது அவருக்கு 51 வயது. பெரியம்மா ஒரு நாளும் பீடியை வாயில் வைத்ததில்லை.

பெரியப்பா சாவுக்குப் பீடிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தனி ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் சொல்லலாம். அப்படிச் சொன்ன ஆய்வு நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தைக் குடும்பத்தாரிடம் விசாரித்து, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நகரத்தில் சிகரெட் அதிகம், கிராமத்தில் பீடி அதிகம். காசநோயால் இறக்கும் ஆபத்து, புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களுக்குச் சுமார் நாலு மடங்கு. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

"சிகரெட்தான் கெடுதல், பீடி இலைதானே" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் அது சீக்கிரம் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்கணும். நிகோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும். 2008-ல் வந்த இன்னொரு பெரிய இந்திய ஆய்வு, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருஷ ஆயுளை இழக்கிறார்கள் என்றது. பெண்களுக்கு 8 வருஷம்.

சரி, சட்டம் என்ன செய்தது? பொது இடத்தில் புகைக்கத் தடை, விளம்பரத் தடை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கத் தடை எல்லாம் 2003-ன் மத்தியச் சட்டத்தில் இருக்கு. பொது இட விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் இன்னும் கடுமையாயின. 2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம். காகிதத்தில் பீடியும் சிகரெட்டும் ஒன்றுதான்.

வரியில்தான் கதை மாறுது. ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தில், ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குள் கையால் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளருக்குக் கலால் வரியே கிடையாது. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவு செய்தது. அதே கூட்டத்தில் பீடிக்கு 28-லிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைத்தது. ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: பீடி சுத்தும் ஏழைப் பெண்கள்.

அப்படியென்றால் அந்தச் சலுகை பெரியம்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கணும் இல்லையா? அதைத்தான் தேடிப் பார்த்தேன்.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுமுறை, பேறுகால உரிமை எல்லாம் அதில் இருந்தன, வீட்டில் சுத்துபவர்களுக்கும் சேர்த்து. ஆனால் ஆலை வைத்தால்தானே செலவு? வேலை வீடுகளுக்கும், இடைத்தரகர்களின் கடைகளுக்கும் போனது. 1976-ல் பீடி மீது ஒரு தீர்வை போட்டு நல நிதி உண்டாக்கினார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கு இருக்கும் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கான படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தத் தீர்வை ரத்தானது. நலத்திட்டங்கள் இப்போது பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி இருக்கின்றன. ஆக, பீடி விலை ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். பீடி சுத்துபவருக்கென்று தனியாக இருந்த வருமானம் மட்டும் போய்விட்டது.

வேற வழியே இல்லையா என்றால், பக்கத்து மாநிலத்தில் ஒரு வழி இருந்தது. கண்ணூரில் 1966 சட்டத்தை அமல்படுத்தப் போனதும் மங்களூர் கம்பெனிகள் அங்கிருந்த வேலையை நிறுத்தின. வேலை இழந்தவர்களை வைத்து 1969-ல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. உச்சத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் தொழிலாளர்கள். தொண்ணூறுகளில் புகைப்பவர்கள் குறையக் குறைய, அவர்கள் மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், குடை, துணி என்று இறங்கினார்கள். சாஃப்ட்வேர் பிரிவுகூட ஆரம்பித்தார்கள்! என் தொழிலும் பெரியம்மா தொழிலும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ். ஆனால் பீடி சுத்திய எல்லோருக்கும் அங்கே மாற்று வேலை கிடைத்துவிடவில்லை, ஒரு பகுதியினருக்குத்தான். இருந்தாலும் பீடி குறையும் என்பதை ஒத்துக்கொண்டு முன்கூட்டியே யோசித்தார்கள். புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தேட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் புகையிலை உடன்படிக்கையின் 17-வது பிரிவு. இந்தியா 2004-லேயே அதை ஏற்றுவிட்டது.

என் முடிவு இதுதான். பீடியைக் கட்டுப்படுத்தணும், சிகரெட்டுக்குச் சமமாக வரியும் போடணும். ஆனால் அந்தக் கூடுதல் வரி முழுக்க, சட்டப்படி தனி நிதியாக, பீடி சுத்தும் பெண்களுக்குப் போகணும்: ஐம்பது தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம், மற்றவர்களுக்கு வேறு தொழிலுக்கு முதல். ஏழைப் பெண்களுக்காக என்று சொல்லிக் குடிப்பவர் சாவை மலிவாக்குவது ஏழைகளுக்குச் செய்யும் உதவி இல்லை. குடிக்கிறவரும் பெரும்பாலும் அதே தெருக்காரர், எங்க வீட்டில் அதே வீட்டுக்காரர்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "பென்சன் வந்த பிறவு வரியப் போடச் சொல்லு. முந்தி போட்டா நாங்க செத்தோம். இப்பவே வாரத்துல நாலு நாளுதான் இலை குடுக்காவ" என்றாங்க. வரிசை முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே நான் எழுதியதில் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துப் படிக்கவும்: முதலில் நிதி, பிறகு வரி.

எக்ஸ்ரேயில் பயப்படும்படி ஒன்றுமில்லை. "தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கோங்க, முடிந்தால் இந்த வேலையை விட்டுடுங்க" என்றார் டாக்டர். பெரியம்மா தலையை ஆட்டினாங்க. மறுநாள் இலை போடும் நாள். காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிட்டாங்க.