பல்லாவரத்துக் கல்: பொறுக்கியதா, தோண்டியதா?

1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைத் ‘தோண்டியெடுத்தார்’ என்று எழுதுவோர் உண்டு; ‘கண்டெடுத்தார்’ என்போரும் உண்டு. ஒரு வினைச்சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் தொன்மைப் பாதுகாப்புப் பயிலும் மாணவர் முதலில் எதைக் கற்கவேண்டும் என்பது இந்தச் சொல்லைப் பொறுத்தே அமைகிறது.

ஃபூட் தோண்டவில்லை. பல்லாவரம் ராணுவக் குடியிருப்புக்கு அருகே சரளைக்காக வெட்டிய சிறு குழி. அதிலிருந்து வெளியே கொட்டிய குவியலில் கிடந்த கல்லைத்தான் எடுத்தார். எடுத்த கதையை மறைக்காமல் சொன்னவரும் அவரே. அவரோடு நான் முரண்படுவது அடுத்த படியில். அக்கல் செம்புரைச் சரளை அடுக்கைச் சேர்ந்தது என்று கொண்டு, பின்னர்க் கிடைத்தவற்றோடு ஒரே வரிசையில் வைத்தார். சரளைக் குழியிலிருந்து வந்தது சரளையில்தானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். குழி வெட்டுவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். முதல் கூடையில் வருவது மேல்மண்; அதுவும் அதே கரையில்தான் விழும். பிறகு வரும் சரளை அதன்மேல் விழும், சரியும், கலக்கும். மேல்மண்ணில் கிடந்த கருவியும் அடியில் புதைந்திருந்த கருவியும் அந்தக் குவியலில் பக்கம் பக்கமாகக் கிடக்கும். கல்லின் மேல் செம்மண் கறை ஏறியிருந்தாலும் அது சான்றாகாது. அந்த வட்டாரத்தில் நெடுங்காலம் தரையில் கிடந்த கல்லுக்கும் கறை ஏறும். ஃபூட்டின் முடிவு தவறு என்று நான் சொல்லவரவில்லை. சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தாங்குவது பல்லாவரத்துக் குழியன்று; அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் சென்ற, திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கம். அங்கேதான் கருவிகள் அடுக்கிலேயே பதிந்திருக்கக் கண்டார்கள். செப்டம்பரில் கிடைத்த உறுதியை மே மாதத்துக் கல்லுக்கும் சேர்த்து வரவு வைத்துவிட்டார் என்பதே என் வாசிப்பு.

இதன் விளைவை இன்றும் பார்க்கிறோம். அத்திரம்பாக்கத்துக்குத் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் உடன் ஆய்ந்தவர்களும் 2011இல் வெளியிட்ட சுமார் 15 லட்சம் ஆண்டு என்ற காலத்தைச் சிலர் பல்லாவரத்துக் கல்லுக்கும் சூட்டிவிடுகிறார்கள். அந்தக் கணிப்பு மண்ணடுக்கின் காந்தத் திசையையும், கல் புதைந்த காலத்தைக் காட்டும் அணு அளவீட்டையும் கொண்டு செய்தது. அடுக்கு இல்லாத கல்லுக்கு அது பொருந்தாது. அத்திரம்பாக்கத்திலேயே கருவிகள் கிடைத்த களிமண்ணை முந்தைய ஆய்வாளர்கள் கருவிகள் தோன்றுவதற்கு வெகு முந்தைய பழம்பாறை என்றே எண்ணியிருந்தனர். 1999இல் தொடங்கிய அகழாய்வுதான் அதை மாற்றியது. பல்லாவரத்துக் கல்லின் காலத்தை வடிவத்தைக் கொண்டு பழைய கற்காலம் என்பதற்கு மேல் குறுக்க இயலாது.

தொன்மைப் பாதுகாப்புப் பயிற்சியின் வரலாறும் இப்படி இடத்தை விட்டுப் பொருளிலிருந்துதான் தொடங்கியது. 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். ஃபூட் சேகரித்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1930இல் எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்து, அதன் வேதியியலர் பரமசிவன் செம்புச் சிலைகளின் பச்சைக் களிம்பை மின்பகுப்பால் நீக்கினார். அங்கும் கற்பித்தது பொருளைக் காப்பதையே. 1961இல் மாநிலத் தொல்லியல் துறை பிறந்த பிறகுதான், கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மைப்படி எடுக்கும் வேலை பட்டய மாணவர் கைக்கு முறையாக வந்தது. மைப்படியில் ஒரு நல்ல குணம்: கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அத்துறையின் ஈராண்டு முதுநிலைப் பட்டயம், 1999இல் தொடங்கிய சர்மா மரபுக் கல்வி மையத்தின் பயிலரங்குகள், முட்டுக்காடு தட்சிணசித்ரா என இன்று வாய்ப்புகளுக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்தில்: பக்கத்திலேயே இருக்கும் இடங்களை மாணவர் படிப்பதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கிருந்து மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பெருங்கற்காலச் சின்னங்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010 சட்டத் திருத்தப்படி சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். வீடு கட்ட முடியாமல் நிற்பவருக்கு எது, எங்கே, ஏன் காக்கப்படுகிறது என்று வரைபடம் விரித்துச் சொல்ல ஆள் வேண்டும். மாணவர்க்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மண்வெட்டியை எடுக்கவேண்டாம்; உரிமமின்றித் தோண்டுவது குற்றம். வருவாய்த் துறையின் புலப்படத்தையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். திரிசூலம், பம்மல் குவாரிகளில் கல்லுடைத்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் குழி எப்போது தூர்ந்தது, எதன்மேல் எந்தத் தெரு வந்தது என்று முதலில் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.