வெள்ளிப் பிடியும் விலைக்கு வாங்கிய பதவியும்

வாள் என்றதும் வீரம் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் படை அதிகாரிகள் இடையிலே அணிந்த வாளைச் சற்றே அருகில் சென்று நோக்குவோமாயின், அது கூறும் கதை வேறு!

1786ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. காலாட்படை அதிகாரியின் வாள் நேரானதாய், அலகு 32 அங்குல நீளமுடையதாய் இருத்தல் வேண்டும்; பிடி எஃகாகவோ, பொன்முலாம் பூசியதாகவோ, வெள்ளியாகவோ அமையலாம். எதைக்கொண்டு முடிவு செய்வது? பகைவனின் வலிமையைக் கொண்டா? இல்லை, சீருடைப் பொத்தானின் நிறத்தைக் கொண்டு!

லண்டனில் சோதித்து முத்திரையிட்ட வெள்ளிப் பிடியில் நடக்கும் சிங்கம் ஒன்றைக் காணலாம். நூற்றுக்கு 92.5 பங்கு தூய வெள்ளி என்பதற்கு அதுவே சான்று. அருகே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. செய்தவர் பெயரின் முதலெழுத்துகள்.

அலகோ நீலம்! எஃகை ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால் அந்நிறம் பூக்கும். நீலத்தினிடையே மணிமுடி, மன்னர் பெயரெழுத்து, கொடி, முரசு, இலைக்கொடி ஆகியவை பொன்னிலே மின்னும். பொன்னைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசினர், நெருப்பிலே காட்டினர். பாதரசம் ஆவியாயிற்று, பொன் ஒட்டிக்கொண்டது. அந்த ஆவி எங்கே போயிற்று? முலாம் பூசிய தொழிலாளியின் மூச்சிலே கலந்தது. அவன் கை நடுங்கிற்று, உடல் நலிந்தது. வெள்ளிக்கு முத்திரை உண்டு; அவனுக்கு எந்த முத்திரையும் இல்லை.

வாளை அணிந்தவன் யார்? அந்நாளில் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. 1821ஆம் ஆண்டு விலைப்பட்டியலின்படி, காலாட்படையில் தொடக்க நிலை அதிகாரிப் பதவியின் விலை 450 பவுன். லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுன்! ஏழையின் மகன் எத்துணை அறிவும் ஆற்றலும் படைத்தவனாயினும், அக்கதவைத் தட்டுதல் அரிது. கணக்கும் கருவியறிவும் தேவைப்பட்ட பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் மட்டும் இவ்விற்பனை இல்லை. அறிவின்றி நடவாத இடத்தில் பணம் விலகி நின்றது. ஏனைய இடங்களில் அமர்ந்து கொண்டது. 1871ஆம் ஆண்டில்தான் இம்முறை ஒழிந்தது.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் அவ்வாட்கள் இன்றும் ஒளிர்கின்றன. அவற்றின் அழகை நாம் மறுக்கவில்லை. மனிதனின் கைத்திறன் போற்றத்தக்கதே. ஆனால், வாளைக் கண்டு வியக்கும்போது, அதை அணிந்தவனை மட்டுமன்று, நடுங்கிய கையால் அதற்குப் பொன்னொளி ஏற்றியவனையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக!